எங்கள் ஜென்னும் ஏழு மாத ஆயில் கசிவும்

வாசலில் இருந்த கறையை முதலில் பார்த்தது அம்மாதான். மார்கழி மாதம். விடியற்காலையில் கோலம் போடப் போனவர், முந்தின நாள் வண்டி நின்றிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் படர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து என்னை எழுப்பினார். "கண்ணு, உன்ற வண்டி வாசலெல்லாம் ஒழுக்கி வெச்சிருக்குது. வந்து பாரு."

வண்டி 1998 மாடல் மாருதி ஜென். 993 சிசி, கார்புரேட்டர் வண்டி. மாமா ஓட்டியது, பிறகு எனக்கு வந்தது. உடுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் வேலைக்கும், வாரம் ஒருமுறை பொள்ளாச்சிச் சந்தைக்கும், ஒறம்பரை வீட்டு விசேஷங்களுக்கும் அதில்தான் போய்வருகிறோம். எனக்கு அந்த வண்டி மேல் ரொம்பப் பிரியம்.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். "நம்ம பம்பு செட்டுல கிளாண்டு சொட்டறதில்லையா? அது மாதிரிதான். சொட்டாம இருந்தாத்தான் பயப்படோணும்" என்றார்.

அவர் சொன்னது பம்புக்கு முழுக்க உண்மை. கிணற்றுமேட்டில் இருக்கும் எங்கள் பழைய பம்பில் ஷாப்டைச் சுற்றி கிளாண்டுக் கயிறு போட்டிருக்கும். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால்தான் கயிறும் ஷாப்டும் சூடாகாமல் இருக்கும். நட்டை அழுத்தி முறுக்கிச் சொட்டை நிறுத்திவிட்டால் ஷாப்டு கரிந்து வரி விழுந்துவிடும். இந்தப் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் கார் இன்ஜினில் இருப்பது கயிறு இல்லை, ஆயில் சீல் என்ற ரப்பர் உதடு வைத்த வளையம். நல்ல நிலையில் இருக்கும் ஆயில் சீல் சொட்டவே கூடாது. அதன் உதட்டுக்கும் ஷாப்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டுவிட்டு நாலு மாதம் ஓட்டினேன்.

அந்த நாலு மாதமும் நான் கணக்குப் போட்டது இப்படி. காலையில் அட்டைக்குப் பதிலாக ஒரு தட்டை வைத்துப் பார்த்தேன். இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் வழித்து ஊற்றினால் ராத்திரி முழுக்க 5 மில்லிகூட வரவில்லை. மாதத்துக்கு 150 மில்லி, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கணக்கு அடியோடு தப்பு. நிற்கும்போது வருவது இன்ஜினில் ஏற்கெனவே வழிந்து நின்றது மட்டும்தான். ஓடும்போதுதான் ஆயில் பம்பு அழுத்தத்தோடு எண்ணெயைச் சுற்றவிடும், இன்ஜினின் கீழ்ப்பாகமான கிராங்க் கேஸுக்குள் காற்றழுத்தமும் ஏறும். சீல் கசிவது அப்போதுதான். அந்த எண்ணெய் ரோட்டோடு போய்விடும். வீட்டு வாசலுக்கு வருவது மிச்சம்.

சித்திரையில் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ வரும், அங்கே நிறுத்தி அணையைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னாலேயே ஒரு வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. நேரான ரோட்டுக்கு வந்ததும் எரியவில்லை. அடுத்த வளைவில் மறுபடி எரிந்தது. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன்.

அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் குறைந்ததைக் காட்டுகிறது. இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்பில் எண்ணெய் குறைவாக இருந்தால், ஏற்றத்திலும் வளைவிலும் இருப்பது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாயின் வாய் காற்றை இழுக்கும். அந்த ஒரு நொடி பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாது. சமதளத்தில் அணைந்துவிடுகிறதே என்று ஓட்டிக்கொண்டே போயிருந்தால் அன்றைக்கு இன்ஜின் போயிருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில் மட்டும் ஈரம். கீழ்க்கோடுகூடத் தொடவில்லை. டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் டப்பா வைத்திருந்தது அந்த நேரத்துக்கு உதவியது. முழுதையும் ஊற்றிவிட்டு, வால்பாறை போகாமல் மெதுவாக இறங்கி ஊர் வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு மனசே சரியில்லை.

மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஊர் பேர் வேண்டாம். வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் எண்ணெய் கோத்து நின்றது. "பின்னாடி கிராங்க் சீல் போயிடுச்சுங்க. கியர்பாக்ஸ் இறக்கோணும்" என்றார்கள். இன்ஜினின் பிரதான ஷாப்டான கிராங்கின் பின்முனையில், ஃப்ளைவீலுக்குப் பின்னால் அந்த சீல் இருக்கிறது. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் என்று வரிசையாகக் கழற்றினால்தான் கை போகும். சீலின் விலை சில நூறுதான், கூலிதான் பெரிது. ரெண்டு நாள் வேலை, 5,000 ரூபாய்க்கு மேல் ஆனது. சரி, தீர்ந்தது என்று வண்டியை எடுத்துவந்தேன். எட்டாம் நாள் வாசலில் அதே இடத்தில் அதே கறை.

மறுபடியும் அங்கேயே போனேன். "புது சீல் செட் ஆகோணும், கொஞ்ச நாள் பாருங்க" என்றார்கள். இந்த ஒரு வார்த்தையை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒழுங்காகப் போட்ட புது சீல் முதல் நாளிலிருந்தே உலர்ந்திருக்க வேண்டும்.

ஆடி மாதம்தான் சரியான ஆள் கிடைத்தார். பொள்ளாச்சி ரோட்டில் தனியாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். ஜென்னும் எஸ்டீமும் நிறையப் பார்த்த கை. நான் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பானெட்டைத் திறந்தவர், ஸ்பேனர் எதையும் எடுக்கவில்லை. "மொதல்ல கழுவோணுங்க. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அந்தக் கழுவல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. ஆடிக்காற்றில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வீசும் வீச்சுக்குச் செம்மண் எங்கும் பறக்கும். இன்ஜின் எண்ணெய்ப் பசையாக இருந்தால் அந்தத் தூசி அப்படியே ஒட்டி அடை மாதிரி கட்டிவிடும். எங்கள் இன்ஜினில் ஒரு விரற்கடை தடிமனுக்கு இருந்தது. முதலில் அதைக் கரண்டியால் சுரண்டினார். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும், கார்புரேட்டர் வாயையும் பாலிதீன் பையால் கட்டி மூடினார். பிறகு ஆறிப்போன இன்ஜினில் மண்ணெண்ணெயைப் பிரஷில் தொட்டுத் தேய்த்தார். திருப்பூர் பனியன் வேஸ்டால் துடைத்து, காற்றுப் பிடித்து, மண்ணெண்ணெய் வாடையே இல்லாத அளவுக்குக் காய வைத்தார். இன்ஜின் புதுசு போல இருந்தது. கடைசியில் ஒரு முகப்பவுடர் டப்பாவை எடுத்து, சேரும் இடங்களில் எல்லாம் வெள்ளையாகத் தூவினார். "பதினஞ்சு, இருவது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. ஏத்தம் இருக்கற ரோடாப் பாருங்க."

ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்ததும் எனக்கே தெரிந்தது. வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு. அது கீழே கிராங்க் சீல் பக்கத்திலிருந்து வரவில்லை. மேலே, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்கக் கோடியில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தொடங்கி, ஹெட் ஓரமாகவே இறங்கி, கியர்பாக்ஸ் மூடியின் மேல் விழுந்து, அதன் வளைவோடு வழிந்து அடியில் போய்த் தொங்கியது. எண்ணெய் எப்போதும் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். அதனால் அடியில் சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஈரமான இடங்களில் மிக உயரமான இடம் எது, முன்பக்கமான இடம் எது என்று தேட வேண்டும். 5,000 ரூபாய் கொடுத்து நான் கற்றுக்கொண்டது இதுதான்.

அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்புக்கும் ஹெட்டுக்கும் குறுக்காக வெள்ளை மையால் ஒரு கோடு போட்டார். பழைய இடத்திலேயே மாட்டாவிட்டால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். போல்டைக் கழற்றி உருவினார். பள்ளத்தில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் குச்சியால் நெம்பி என் கையில் கொடுத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது. வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு சதுரமாகத் தட்டையாகி, பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்திருந்தது. ரெண்டு விரலில் லேசாக வளைத்தேன். டக்கென்று ஒடிந்துவிட்டது. புது ஓ-ரிங் விலை 50 ரூபாய்கூட இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் விடவில்லை. "ஒரு எடத்துல ரப்பர் இப்படி ஆயிருக்குதுன்னா மத்த எடத்துலயும் அதே வயசுதானுங்க" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு துண்டுச் செய்தித்தாளை வைத்தார். காகிதம் உள்ளே இழுபட்டுப் படிந்து நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் படபடவென்று மேலே தூக்கி எறிந்தது.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்குவது எல்லா இன்ஜினிலும் உண்டு. அதை உறிஞ்சி மறுபடி இன்ஜின் காற்றிழுக்கும் வழியான இன்டேக்குக்குள் அனுப்பப் பிசிவி வால்வு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் எங்கே போகும்? எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். எங்களுடையதில் சத்தமே இல்லை. டியூபுக்குள் காபி டிகாஷன் வண்டல் போலப் பழுப்பாக அடைந்து கிடந்தது. வால்வை மாற்றி டியூபைக் கழுவிய பிறகு காகிதம் வாயில் ஒட்டிக்கொண்டது. சீல் மாற்றுவதற்கு முன்னால் இந்தக் காகிதச் சோதனையை யாரும் தவற விட வேண்டாம். இதைச் சரிசெய்யாமல் எத்தனை புது சீல் போட்டாலும் மறுபடி கசியும். காகிதம் படிவதற்குப் பதிலாக, வால்வு சரியாக இருந்தும் தூக்கி எறிந்தால் பெரும்பாலும் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அது வேறு பெரிய வேலை.

ரெண்டாவது கசிவு முன்பக்கத்தில் இருந்தது. கேம் ஷாப்டைக் கிராங்கோடு இணைத்துச் சுற்றும் டைமிங் பெல்ட்டின் மூடிக்கு அடியில் லேசான ஈரம். மூடியைக் கழற்றினால் பெல்ட்டின் ஓரம் எண்ணெயில் ஊறிப் பளபளத்தது. கிராங்கின் முன் சீல் தேய்ந்து போயிருந்தது. தரையில் ஒரு சொட்டும் விழாத கசிவு இது. ஆனால் ஆபத்து இதில்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். எண்ணெய் பட்ட பெல்ட் சீக்கிரம் கெட்டுவிடும். அறுந்தால் வண்டி நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும்.

பழைய சீலை அவர் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பல பேர் ஸ்க்ரூடிரைவரை ஷாப்டுக்கும் சீலுக்கும் நடுவில் குத்தி நெம்புவார்கள். ஷாப்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், எந்த சீலும் அங்கே நிற்காது. அவர் சீலின் முகத்தில் ரெண்டு சின்னத் துளை போட்டு, அதில் மரையாணி முறுக்கி, ஆணியைப் பிடித்து இழுத்தார். பிறகு துடைத்த கிராங்க் முனையில் நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். சீலின் உதடு இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த இடத்தில் நூல் அளவுக்கு ஒரு பள்ளம். நகம் லேசாகத் தடுக்கியது. ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்டேன். ரப்பரில் ஒட்டிய தூசிதான் அரம் மாதிரி அறுக்கிறது என்றார். எங்கள் ஊர்ச் செம்மண்ணை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளத்திலேயே புது சீலின் உதடும் உட்கார்ந்தால் மறுபடி கசியும். அதனால் புது சீலைப் பழைய ஆழத்துக்குத் தட்டாமல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வெளியே நிறுத்தினார். உதடு இப்போது தேயாத இடத்தில் உட்கார்ந்தது. இதற்கு இடம் இருக்கிறதா, பல் சக்கரத்தில் உரசாதா என்று முதலில் பார்த்துக்கொண்டுதான் செய்தார். பள்ளம் ஆழமாக இருந்தால் ஷாப்டு மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாமாம்.

சீலை வாங்கக் கோயமுத்தூர் போனது நான்தான். பழைய சீலைக் கையில் கொண்டுபோகச் சொன்னார். சீலின் முகத்தில் மூன்று எண் இருக்கும். உதாரணத்துக்கு 35, 52, 7 என்று இருந்தால் ஷாப்டின் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். ஆனால் எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. கறுப்பாக இருப்பது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் நெடுநாள் தாங்கும். வைட்டான் என்பது 200 டிகிரி வரை தாங்கும், விலை கூட. பழுப்பு நிறத்தில் வருவது உண்டு, ஆனால் நிறத்தை நம்பாமல் கடையில் கேட்டு வாங்குவது நல்லது. சில சீல்களின் உதட்டில் ஒரு திசைக்கான சாய்ந்த கோடுகள் இருக்கும், முகத்தில் அம்புக்குறியும் போட்டிருக்கும். அம்புக்குறி காட்டும் திசையில் சுற்றும் ஷாப்டில் மட்டும்தான் அதைப் போட வேண்டும். வருடக்கணக்கில் கடையில் வெயில் பட்டுக் கிடந்த சீலையும் வாங்க வேண்டாம். உதட்டை விரலால் தடவினால் மெத்தென்று இருக்க வேண்டும்.

போடும்போது உதட்டிலும் ஷாப்டிலும் இன்ஜின் ஆயில் தடவினார். காய்ந்த உதட்டோடு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் முதல் சில நொடிகளிலேயே அது கருகிவிடும். சீலின் உதட்டில் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஷாப்டில் சாவிப் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக இருந்ததால் அதன்மேல் டேப் சுற்றிச் சீலை நுழைத்துவிட்டு டேப்பை உருவினார். சீலின் வெளி வட்டத்துக்குச் சரியான ஒரு பைப் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டு. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சீல் சாய்ந்து உட்காரும். டைமிங் பெல்ட்டையும், கையோடு கேம் சீலையும் மாற்றினோம். பெல்ட்டுக்காக எல்லாம் கழற்றியிருக்கும்போது அந்த ரெண்டு சீலையும் மாற்றாமல் மூடுவது வீண். அதே மாதிரி, கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸ் இறக்கினால் பின் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

ஹெட்டின் மேல் மூடிக்கு அடியில் வரும் டாப்பெட் கவர் பேக்கிங்கும் விறைத்துத்தான் இருந்தது, அதையும் மாற்றினார். கசிந்தால் போல்டை இன்னும் முறுக்குவது நம் எல்லாருக்கும் கைவந்த பழக்கம். ரப்பர் பேக்கிங் அளவுக்கு மேல் நசுங்கினால் பிதுங்கிவிடும், தகட்டுக் கவராக இருந்தால் வளைந்தும் போகும். பேஸ்டை அள்ளிப் பூசுவதும் கூடாது. உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து சம்புக்குள் விழும், ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். கசிவை நிறுத்தப்போய் பேரிங்கைப் பலி கொடுத்த கதையாகிவிடும்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று கடையில் பாட்டில் விற்கிறார்கள். நானும் ஒரு பாட்டில் ஊற்றிப் பார்த்தேன். விறைத்த ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அதனால் லேசான கசிவு சில வாரம் குறையலாம். உதடு தேய்ந்ததற்கோ கிழிந்ததற்கோ அது ஒன்றும் செய்யாது. எனக்கு ஒரு மாதம் வீணானதுதான் மிச்சம்.

வடித்த பழைய எண்ணெயை அப்பா கேட்டார், வேலிக்கால்களில் பூச. கரையான் ஏறாது என்பது பழைய பழக்கம். நான் கொடுக்கவில்லை. அது மண்ணில் இறங்கும், எங்கள் கிணறு நாற்பது அடியில் இருக்கிறது. பட்டறையிலேயே பீப்பாயில் சேர்த்து எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுக்கிறார்கள், அங்கேயே விட்டுவந்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் டிப் ஸ்டிக் பார்க்கிறேன். அளவை ஓடிய கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதுகிறேன். எண்ணெய் குறைந்தும் அட்டையும் இன்ஜினின் வெளிப்பக்கமும் காய்ந்திருந்தால் கசியவில்லை, எரிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டியது அப்போதுதான். கடைசி ஆயில் மாற்றத்திலிருந்து இதுவரை மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் கால் பங்குகூட இறங்கவில்லை.

சம்பு பேக்கிங்கில் மட்டும் ஒரு மூலையில் வியர்வை மாதிரி ஈரம் இருக்கிறது. துடைத்தால் ரெண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி தெரிகிறது, சொட்டாகத் திரளவில்லை. மாற்றிவிடலாமா என்று அண்ணனைக் கேட்டேன். "வேர்க்கறதுக்கெல்லாம் தொறக்க வேண்டாமுங்க. சொட்டு கட்டினாச் சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்றார். அந்த மூலையில் பவுடர் தூவி வைத்திருக்கிறேன்.